கடலோர மனை, கட்டடக் கோடு, பக்கத்து வீட்டாரின் கடல் பார்வை: ராமநாதபுரம் கரையோரத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எஸ்.பி.பட்டினத்தில் தொடங்கி நரிப்பையூர் பக்கம் முடியும் ராமநாதபுரம் மாவட்டக் கரையில், வீடு கட்டுகிறவருக்கும் பின்வீட்டுக்காரருக்கும் வருகிற சண்டை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. “கடலை மறைத்துவிட்டார்” என்பது ஒரு பக்கம், “என் பட்டா, என் இஷ்டம்” என்பது இன்னொரு பக்கம். கடலிலிருந்து விலகிக் கட்டும் கோட்டைப் பேசிக் குறைக்க யாராலும் முடியாது. பார்வையோ பேசித்தான் காப்பாற்ற முடிந்த ஒன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நியாயம் உள்ளவர்கூடத் தோற்கிறார்.

கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி வீடு கட்ட வேண்டும்?

2019இல் வந்த புது அறிவிக்கையின் வரைபடம் உங்கள் கரைக்கு ஒப்புதல் பெறும்வரை, 2011 ஜனவரி 6ஆம் தேதி வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைதான் (பேச்சில் சி.ஆர்.இசட்.) அடிப்படை. உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இந்த அறிவிக்கைக்குள் வரும். கரையை அது வகை வகையாகப் பிரிக்கிறது. ஊராட்சிப் பகுதிகள் பெரும்பாலும் மூன்றாம் வகை. அங்கே முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடை மண்டலம், புதுவீடு கிடையாது. 200 முதல் 500 மீட்டர் வரை வீடு கட்டலாம். ஆனால் மொத்த உயரம் 9 மீட்டருக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. அந்த 200–500 மீட்டரிலும், ஏற்கெனவே உள்ள மீனவக் கிராமம் போன்ற மரபுவழி உரிமைக்கும் வழக்கத்துக்கும் உட்பட்ட குடியிருப்புக்குத்தான் அனுமதி என்று அறிவிக்கை சொல்கிறது. பொட்டலில் மனைப்பிரிவு போட்டு “கடல் பார்த்த மனை” என்று விற்பவர் இந்த வரியை வாசித்துக் காட்டமாட்டார். முன்பணம் கொடுக்கும் முன் நீங்களே வாசித்துவிடுங்கள்.

ராமேஸ்வரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளில் நெருக்கமாகக் கட்டடம் எழும்பிய இடங்கள் இரண்டாம் வகை. அங்கே மீட்டர் கணக்கு இல்லை. ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக இருந்தால் கட்டலாம். கடல் பக்கமாக இருந்தால் பட்டா இருந்தாலும் கட்ட முடியாது.

சதுப்புக்காடு, பவளப்பாறை, கடற்புல், மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை முதல் வகை. காரங்காடு போன்ற இடத்தில் 1000 சதுர மீட்டருக்கு மேல் பரந்த சதுப்புக்காடு இருந்தால், அதைச் சுற்றி இன்னும் 50 மீட்டர் காப்புப் பகுதி விட வேண்டும்.

அந்த 200 மீட்டரை எங்கிருந்து அளப்பது?

மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். சாதாரண நாள் ஒன்றில் போய், ஈரமணல் முடியும் இடத்தில் டேப்பை வைத்து இழுக்கிறார்கள். உயர் அலைக்கோடு என்பது அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெரு ஓதத்தில் தண்ணீர் நிலத்தில் தொடும் மிக உயர்ந்த கோடு. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் சரிவான மணற்கரையில் இரண்டுக்கும் வித்தியாசம் சில மீட்டராக இருக்கலாம். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி போன்ற தட்டையான சேற்றுக் கரையில் அந்தக் கோடு நாம் “கரை” என்று நினைக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் உள்ளே போய்விடும். உப்பங்கழி வழியாக ஓதம் ஏறும் ஓடை மனைக்குப் பக்கத்தில் இருந்தால், அந்த ஓடைக்கரையிலிருந்தும் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இரண்டில் எது குறைவோ அந்தத் தூரம் கணக்கில் சேரும்.

கண்ணால் பார்த்து வைத்த கோடு எந்த அலுவலகத்திலும் செல்லாது. சென்னையிலுள்ள தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனம் குறித்த கோடுதான் கோடு. செய்ய வேண்டியது இது: சர்வே எண்ணுக்குப் புல வரைபட நகல் வாங்குங்கள். சர்வேயரை வைத்து எல்லைக்கற்கள் புல வரைபடப்படி நிற்கின்றனவா என்று பாருங்கள். கடலோரத்தில் கல் மணலுக்குள் புதைந்தோ நகர்ந்தோ போயிருக்கும். பிறகு 1:4000 அளவுள்ள கடலோர மண்டல வரைபடத்தின்மேல் உங்கள் மனையைப் பொருத்தி, கோடு எந்தக் கல்லிலிருந்து எத்தனை மீட்டரில் வெட்டுகிறது என்று எழுதி வாங்குங்கள். அஸ்திவாரம் தோண்டுமுன் அந்தக் கோட்டைத் தரையில் சுண்ணாம்பால் போட்டு, இரு முனையிலும் கல் நடுங்கள். பக்கத்து வீட்டாரையும் அப்போதே கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

ராமேஸ்வரம் தீவில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வடகடலிலிருந்து (பாக்கு நீரிணை) ஒரு கோடு, தென்கடலிலிருந்து ஒரு கோடு. தனுஷ்கோடிப் பக்கம் நிலம் ஒடுங்கும் இடத்தில் இரண்டு 200 மீட்டரும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, நடுவில் மனையே மிஞ்சாது.

2019 விதிப்படி 50 மீட்டர் போதும் என்கிறார்களே?

2019 ஜனவரி 18ஆம் தேதி அறிவிக்கை மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் இடத்தில்தான் 50 மீட்டர். அதற்குக் குறைந்த இடத்தில் பழைய 200 மீட்டரேதான். நம் மாவட்டத்தின் சராசரி அடர்த்தி அந்த எண்ணிக்கையில் பல மடங்கு குறைவு. அதோடு, 2019 அறிவிக்கைப்படி தயாரித்த மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் அந்தச் சலுகையைக் கேட்க முடியும். அதுவரை 2011 விதி நடக்கும். “எந்த அறிவிக்கை, எந்த வரைபடத் தாள்” என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி அஸ்திவாரம் போடாதீர்கள்.

200 மீட்டருக்குள் அப்பா காலத்து வீடு இருக்கிறது. மாடி எடுக்கலாமா?

முடியாது. அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், இடித்தும் கட்டலாம். ஆனால் அடித்தளப் பரப்பு, தளப்பரப்பு விகிதம் (எல்லாத் தளங்களின் பரப்பும் மனைப் பரப்பில் எத்தனை பங்கு என்பது), அடர்த்தி மூன்றும் பழையதைத் தாண்டக் கூடாது. மாடி எடுத்தால் தளப்பரப்பு கூடிவிடும். பழைய வீட்டின் அளவுக்குச் சான்று வேண்டும் என்பதால், இடிக்கும் முன் வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, நான்கு பக்கமும் டேப் வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். இடித்த பிறகு “இவ்வளவு இருந்தது” என்று நிரூபிக்க வழியில்லாமல் திண்டாடுகிறவர்கள் நிறைய.

மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோர மக்களின் வீடுகளுக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் அரசின் ஒருங்கிணைந்த திட்டப்படி இடம் தர 2011 அறிவிக்கையில் வழி உண்டு. தனி ஆள் மனு போட்டுப் பெறுவது அல்ல அது. ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டியது.

முன்மனையில் வீடு எழும்பினால் என் திண்ணையிலிருந்து கடல் தெரியாது. தடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

பார்வைக்கு மட்டும் என்றால், இல்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒரு சன்னல் வழியாக 20 ஆண்டு தடையின்றி வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை உண்டாகும். கடல் தெரிகிற அழகுக்கு எத்தனை தலைமுறை பார்த்திருந்தாலும் அப்படி உரிமை உண்டாகாது. திறந்த வெளி மனைக்கு வரும் காற்றும் வெளிச்சமும்கூட அனுபவத்தால் உரிமையாகாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே “நாற்பது வருஷமாக இந்த முற்றத்தில் கொண்டல் காற்று வாங்கினோம்” என்பது வழக்கில் நிற்காது. “இந்த அறையின் கிழக்குச் சன்னல் 20 வருஷமாக இருக்கிறது, இப்போது அறை இருட்டாகிவிட்டது” என்பது நிற்கும்.

இது கேட்கக் கசப்பாக இருக்கும். கரையில் இருப்பவருக்குக் கடல் தெரிவது வெறும் அழகல்ல. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வல்லத்தை நங்கூரத்தில் விட்டுவிட்டு வந்தவர், வாடைக்காற்று தூக்கும் இரவில் கயிறு தாங்குகிறதா என்று வாசலிலிருந்தே பார்ப்பார். அந்தத் தேவையைச் சட்டம் தானாகக் காப்பாற்றாது என்பதால்தான் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளச் சொல்கிறோம்.

பின்வீட்டார் கையெழுத்துப் போட்டுத் தந்தால் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போகலாமா?

கூடாது. கோடு 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. இரண்டு வீட்டார் ஒத்துக்கொண்டு விட்டுக்கொடுக்க அது அவர்களுடைய சொத்தல்ல. உள்ளாட்சி அனுமதி கைக்கு வந்திருந்தாலும் கடலோர விதியை மீறியிருந்தால் கட்டடம் தப்பாது. கேரளத்தின் மரடில் உள்ளாட்சி அனுமதியோடு எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வீடுகளை வாங்கியவர்கள் கைப்பணம் போட்டு வாங்கிய சாதாரணக் குடும்பத்தார்.

கட்டுவதற்கு முன்பே எவ்வளவு மறையும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சவுக்குக் கம்பு நட்டுப் பாருங்கள். இதைவிட நம்பகமான முறை இல்லை. வரப்போகும் கட்டடத்தின் நான்கு மூலையிலும் கம்பை ஒரு மீட்டர் ஆழம் புதைத்து, மூன்று பக்கமும் வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். கச்சான் என்னும் மேல்காற்றடிக்கும் மாதங்களில் இழுகயிறு இல்லாத கம்பு ஒரே பகலில் சாய்ந்துவிடும். கைப்பிடிச்சுவர் வரும் உயரத்தில் ஒரு சிவப்புத் துணி, மாடிப்படிக் கூரை உயரத்தில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியின் தலை வரும் உயரத்தில் ஒன்று. கம்புக்குக் கம்பு கயிறு கட்டினால் கட்டடத்தின் உருவமே வானத்தில் தெரியும். ஒரு வாரம் விட்டுவையுங்கள். “அண்ணே, நீங்க வழக்கமா உக்கார்ற எடத்துல இருந்து பாருங்க, எது மறைக்குதுன்னு சொல்லுங்க” என்று பின்வீட்டாரைக் கூப்பிடுங்கள். நின்று பார்த்தால் தெரிவது உட்கார்ந்தால் தெரியாது என்பதால் உட்கார்ந்தே பார்க்க வேண்டும்.

சுற்றுச்சுவருக்குக் கணக்கே போதும். அடித்தளம் 0.6 மீட்டர், உட்கார்ந்தவரின் கண் அதற்குமேல் 1.2 மீட்டர், ஆக 1.8 மீட்டர். சுவர் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, தரை சமம் என்று வையுங்கள். சுவர் 1.2 மீட்டர் என்றால் பார்வைக்கோடு 30 மீட்டரில் தரையைத் தொடும். அதற்கப்பால் எல்லாம் தெரியும். 1.5 மீட்டர் என்றால் 60 மீட்டரில். கடல்மட்டம் முற்றத்தைவிட 2 மீட்டர் தாழ்ந்திருந்தால், தண்ணீர் தெரியத் தொடங்கும் தூரம் முறையே 63, 127 மீட்டர். கரை 200 மீட்டருக்கு அப்பால் இருப்பதால் இரண்டு உயரமும் கடலை மறைக்காது. சுவர் 1.8 மீட்டரானால் கண்ணும் சுவரும் ஒரே மட்டம். அடிவானக் கோடு தவிர எதுவும் மிஞ்சாது. அதாவது, எல்லாரும் யோசிக்காமல் வைக்கும் ஆறடிச் சுவரை ஐந்தடியாக்கினால் போதும், திண்ணைக்குக் கடல் திரும்பிவிடும். மனைக்கு மனை இந்தக் கணக்கு மாறும். உங்கள் அளவுகளைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டின் அமைப்பில் எதை மாற்றினால் பார்வை அதிகம் மிஞ்சும்?

முதலில் பக்கவாட்டு இடம். 9 மீட்டர் அகல வீடு 10 மீட்டர் தூரத்தில் நேர் எதிரே நின்றால் ஏறக்குறைய 48 பாகைப் பார்வையை அடைக்கும். 20 மீட்டரில் 25 பாகைதான். கோட்டைத் தாண்டி முன்னால் போக வழியில்லாததால், பக்கவாட்டில் நகர்வதுதான் கைக்கு எட்டும் வழி. விட வேண்டிய பக்க இடத்தை இரு பக்கமும் பிய்த்துப் பிய்த்து விடாமல், விதி கேட்கும் குறைந்த அளவை ஒரு பக்கம் வைத்து, மீதி முழுவதையும் பின்வீட்டாரின் வாசல் இருக்கும் பக்கம் ஒரே சந்தாக விட்டுவிடுங்கள். அவருக்குக் கடலும் காற்றும் அதன் வழியே போகும். அந்தச் சந்தில் கழிவறையோ ஜெனரேட்டர் கொட்டகையோ பிறகு முளைக்கக் கூடாது. விட்டுக்கொடுத்த பார்வை பெரும்பாலும் அப்படித்தான் திரும்பப் பறிபோகிறது.

அடுத்தது மொட்டைமாடி. 1000 லிட்டர் தொட்டி சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரம். ஒன்றரை மீட்டர் மேடைமேல் ஏற்றினால் கறுப்பாக இரண்டே முக்கால் மீட்டர் எழும். மாடிப்படிக் கூரையையும் தொட்டியையும் ஒரே மூலையில், பின்வீட்டாரின் பார்வைக்குக் குறுக்கே வராத பக்கம் வையுங்கள். இரண்டையும் 9 மீட்டர் உயரத்துக்குள்ளேயே அடக்கி வரைபடம் போடச் சொல்லுங்கள். பிறகு அதிகாரி வந்து அளக்கும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற வாக்குவாதமே வராது. கடல் பக்கக் கைப்பிடிச்சுவருக்குக் குழாய்க் கம்பி போடுகிறவர்கள் சாதாரண இரும்பைப் போடவேண்டாம். உப்புக்காற்றில் அது சீக்கிரமே துருவேறி, சிமெண்டில் பதிந்த இடத்தில் விரிசல் விடும்.

விளக்கையும் கவனியுங்கள். பங்குனி ஆமை என்று கரையோரத்தில் சொல்லும் ஆமைகளின் குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். கடலை நோக்கிய பெரிய வெள்ளை விளக்கு அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும். மூடி போட்ட, கீழ்நோக்கிய மஞ்சள் விளக்கு போதும். பின்வீட்டாரின் கண்ணும் கூசாது.

பள்ள மனை. கிராவல் அடித்து உயர்த்தலாமா?

வீட்டின் அடித்தளத்தை உயர்த்துவது வேறு, மனை முழுவதையும் உயர்த்துவது வேறு. மனை முழுக்க ஒரு மீட்டர் கிராவல் அடித்தால் கட்டடமும் சுவரும் பின்வீட்டாருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகத் தெரியும்; ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணீரும் அவர் முற்றத்தில் நிற்கும். மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகப் பள்ளத்துக்கு வடிவதை அடைக்கக் கூடாது என்பது வசதியுரிமைச் சட்டம் 7ஆம் பிரிவு காட்டும் இயற்கை உரிமை. பார்வைக்கு வழக்குப் போட முடியாதவர் இதற்குப் போடலாம், ஜெயிக்க வாய்ப்பும் உண்டு. மனையை விட்டுவிட்டு வீட்டடியை மட்டும் உயர்த்தி, தண்ணீர் போக எல்லையோரம் வாய்க்கால் விடுங்கள்.

மணல்மேட்டைத் தள்ளிச் சமப்படுத்துவது தடை செய்யப்பட்டது. பார்வைக்காக மேட்டின் தலையைச் சீவுவதும் அதில் சேரும். அந்த மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பும் ராவணன் மீசையும்தான் மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. பிடுங்கினால் அடுத்த கச்சானில் மணல் உங்கள் சன்னலுக்கே வரும்.

பேசி ஒத்துக்கொண்டதை எப்படி எழுதிவைப்பது?

முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டினால் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், நாளை மனையை வாங்குகிறவர் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது. நிலத்தின் பயன்பாட்டுக்கு ஒப்பந்தம் போட்ட கட்டுப்பாடு, அது தெரிந்து வாங்கியவரையும் கட்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு.

பத்திரத்தில் வர வேண்டியவை: இரு மனைகளின் சர்வே எண், சந்தின் அகலம், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, கட்டடத்தின் உச்ச உயரம், சுவரின் உயரம், தொட்டியின் இடம், சந்தில் வளரும் மரத்தின் உயர வரம்பு. “கடல் பார்வையை மறைக்கக் கூடாது” என்று பொதுவாக எழுதினால் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் வரும்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதைச் சாலைமட்டத்தை வைத்து எழுதாதீர்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை ஏறும். பத்து வருஷத்தில் உங்கள் 9 மீட்டரும் அதோடு ஏறிவிடும். பின்வீட்டின் நிலைப்படிக் கல், பழைய கிணற்றின் கைப்பிடி போன்ற அசையாத ஒன்றைக் குறித்து, படமும் இணையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் விட்டுக்கொடுக்கும் பத்திரம் நீடிப்பதில்லை. முன்வீட்டார் சந்து விட்டால், பின்வீட்டார் மழைநீர் வாய்க்காலுக்கு இடமோ வண்டி திருப்ப இடமோ தரட்டும்.

கடல் பக்கம் மதில் கட்டி அடைத்துவிட்டார்கள். கரைவலை இழுக்க வழியில்லை. இது பார்வைப் பிரச்சினையா?

இல்லை, இது அதைவிடப் பலமான வழக்கு. கடற்கரை விடுதிகளுக்கு 2011 அறிவிக்கை விதித்த நிபந்தனையில், உயிர்வேலியோ முள்கம்பி வேலியோதான் போடலாம், அதுவும் பொதுமக்கள் கரைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகல வழி விட வேண்டும். கட்டடம் சுற்றுப்புறத்துக்கும் உள்ளூர்க் கட்டட மரபுக்கும் ஒத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கரைவலை இழுக்கவும் வலை காயவும் வல்லம் ஏற்றவும் எவ்வளவு நீளக் கரை வேண்டும் என்பதை ஊர்க்கூட்டத்தில் அளந்து, தீர்மானமாக எழுதி மனுவோடு வையுங்கள்.

கண்மாய்க்கரை மனைக்கும் இதே விதிதானா?

இல்லை. கண்மாயில் முதலில் பார்க்க வேண்டியது உள்வாய். தண்ணீர் நிரம்பும்போது மூழ்கும் உள்வாயில், பத்து வருஷம் காய்ந்து கிடந்தாலும் கட்டக் கூடாது. 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அகற்றிவிடுவார்கள். வரத்துக்கால் (தண்ணீர் வரும் வழி), கலுங்கு ஓடை (மிகுநீர் வெளியேறும் வழி) இரண்டையும் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் சரிபாருங்கள். சீமைக்கருவேலம் மூடிக் கிடப்பதால் தரையில் தெரியாது. உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற நீர்நிலைகளுக்கு 2017 சதுப்புநில விதிகள் பொருந்தும்: பத்தாண்டுச் சராசரி உயர் வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. பார்வை பற்றி மேலே சொன்ன எல்லாம் இங்கும் அப்படியே.

கோட்டை மீறிக் கட்டுகிறார்கள். யாரிடம் போவது?

மனுவில் “என் பார்வை மறைகிறது” என்று தொடங்காதீர்கள். தனிப்பட்ட தகராறு என்று ஓரங்கட்டிவிடுவார்கள். சர்வே எண், உயர் அலைக்கோட்டிலிருந்து தூரம், உயரம், தேதியிட்ட படங்கள், இவ்வளவே போதும். மாவட்டக் கடலோர மண்டலக் குழுவின் தலைவர் ஆட்சியர்தான். அந்தக் குழுவில் மரபுவழிக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். அதே நாளில் தகவல் உரிமைச் சட்டப்படி, அனுமதி பெற்ற வரைபட நகல் கேட்டு உள்ளாட்சிக்கு இன்னொரு மனு. பதில் தர 30 நாள் கெடு.

வேலை நடந்துகொண்டே இருந்தால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அங்கே தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி போடும் மனுவுக்குப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் காலம். ஊர்ப்பெரியவர்களை வைத்துப் பேசிக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டு வருகிறவர்கள் இந்த வாசலிலேயே திரும்பிப் போகிறார்கள். பேச்சு நடக்கட்டும், ஆனால் அஸ்திவாரக் குழி கண்ணில் பட்ட தேதியை அன்றே குறித்துவைத்து, நான்காவது மாதம் முடிவதற்குள் வக்கீலிடம் காகிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.